டிஸ்க் சாண்டருக்கு மைட்டர் கேஜ்: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: பழைய 12 அங்குல டிஸ்க் சாண்டர் (உப்புத்தாள் ஒட்டிய வட்டு சுழன்று மரத்தைத் தேய்க்கும் இயந்திரம்) ஒன்று வாங்கினேன். கட்டையைக் கோணத்தில் பிடித்துத் தேய்க்க உதவும் மைட்டர் கேஜ் அதோடு வரவில்லை. கேஜின் பட்டை ஓடும் மேசைக் காடி 16 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம். கடையில் கிடைக்கும் கேஜ்களில் பட்டை 19 மி.மீ. இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியங்களுக்குத் தேக்குச் சட்டம் போடுபவன் நான். 45 டிகிரி மூலைகள் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். பட்டையை ராவிக் குறைக்கலாமா, புதிதாகச் செய்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் காடி ஐந்து நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), கடையில் வருவது ஆறு நூல். டேபிள் சாவில் (மேசை ரம்பம்) ஆறு நூல் காடிதான் வழக்கம் என்பதால் கேஜ் செய்பவர்களும் அந்த அளவிலேயே செய்கிறார்கள். மூன்று மி.மீ.யை அரத்தால் ராவி எடுக்கும் வேலை வேண்டாம். இரண்டு பக்கமும் இணையாக வராது. பெரும்பாலான கேஜ்களில் தலைப்பகுதி போல்ட்டில்தான் பட்டையோடு நிற்கும். அதைக் கழற்றித் தலையை வைத்துக்கொண்டு, பட்டையை மட்டும் மாற்றலாம்.

இரும்புக் கடையில் 'பிரைட் பட்டை' (ஓரம் கூராகவும் அளவு சீராகவும் உள்ள பட்டை) என்று கேளுங்கள். சாதாப் பட்டையின் ஓரம் உருண்டிருக்கும், அளவும் இடத்துக்கு இடம் மாறும். காடியின் இரு முனையிலும் நடுவிலும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, எங்கே குறுகலோ அந்த அளவைக் கொடுங்கள். சரியான பட்டை கிடைக்காவிட்டால், கொஞ்சம் அகலமானதை வாங்கிப் போனால் மில்லிங் பட்டறையில் சீவித் தருவார்கள். மரத்தில் செய்த பட்டை வேண்டாம், மழைக்காலத்தில் ஊதிக் காடியில் இறுகிவிடும்.

பட்டை காடியில் ஆடினால் உடனே வேறு தேடிப் போகவேண்டாம். அதன் ஒரு பக்கவாட்டில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக சென்டர் பஞ்ச் (இரும்பில் புள்ளிக்குழி போடும் கூர் உளி) அடியுங்கள். குழியைச் சுற்றி இரும்பு மயிரிழை அளவு எழும்பி நிற்கும். காடியில் போட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். ஆட்டமும் இருக்காது, தடையும் இருக்காது.

ஆனால் உங்கள் வேலைக்கு இந்த கேஜே தேவையா என்பது என் சந்தேகம். தலையில் உள்ள கோண அளவுகோலின் ஆரம் 50 மி.மீ. என்றால், ஒரு டிகிரிக்கான இடம் ஒரு மி.மீ.கூட இல்லை. அதில் அரை டிகிரியைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு சட்டத்துக்கு எட்டு முனைகள். ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால், மூன்று மூலையை நெருக்கிச் சேர்த்தபின் நான்காவதில் நான்கு டிகிரி வாய் பிளந்து நிற்கும். செதுக்கு வேலை உள்ள சட்டத்தைக் குப்புறப் புரட்டவும் முடியாது என்பதால், தலையை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை திருப்பவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாக ஒரு பிசகு.

அதற்குப் பதில் கோணம் மாறாத ஒரு ஜிக் (கட்டையைப் பிடித்து வழிநடத்தும் அச்சு) செய்யுங்கள். 12 மி.மீ. பிளைவுட் பலகைக்கு அடியில் அதே பட்டையைத் திருகுங்கள். மேலே 18 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய முக்கோணம் ஒன்று, அதன் செங்கோண முனை வட்டைப் பார்த்தபடி. அந்த முனையைக் கொஞ்சம் மழுக்கி, பலகையும் முக்கோணமும் வட்டுக்கு 2 மி.மீ. முன்பே நிற்கும்படி வையுங்கள். சட்டத்தின் வெளி விளிம்பை முக்கோணத்தின் பக்கத்தில் சாய்த்து முனையைத் தேய்க்கவேண்டும்: ஒரு மூலையில் சேரும் இரண்டு கட்டைகளில் ஒன்றை இடப்பக்கத்தில், மற்றதை வலப்பக்கத்தில். ஜிக் சற்றுத் திரும்பி உட்கார்ந்து ஒரு பக்கம் 44.6 டிகிரி ஆகிவிட்டாலும் மறுபக்கம் தானாக 45.4 ஆகிவிடும், கூட்டினால் 90. ஆக, நீங்கள் காப்பாற்றவேண்டியது அந்த முக்கோணத்தின் செங்கோணத்தை மட்டும்தான். முனையிலிருந்து ஒரு பக்கம் 150, மறுபக்கம் 200 மி.மீ. குறித்து, குறுக்கே 250 வருகிறதா என்று பாருங்கள். உரசும் பக்கங்களில் 120 உப்புத்தாள் ஒட்டினால் கட்டை வழுக்காது.

இனி இயந்திரம். மேசை வட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இது பிசகினால் எந்த ஜிக்கும் காப்பாற்றாது. காடி வட்டுக்கு இணையாக இல்லையென்றால் ஜிக்கை நகர்த்தும்போது ஒரு கோடியில் மட்டும் தேயும். மேசை போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். கட்டை எப்போதும் வட்டு கீழ்நோக்கி இறங்கும் பாதியில்தான் படவேண்டும். மறுபாதி கட்டையைத் தூக்கி அடிக்கும். வலப்பக்கக் கட்டையைத் தேய்க்கும்போதும் முக்கோண முனை அந்தப் பாதியிலேயே இருக்கட்டும்.

நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார் என்றால் 12 அங்குல வட்டின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் தேக்கு கருகும், அதன் எண்ணெய்ப்பசையில் தாளும் அடைத்துக்கொள்ளும். ரம்பத்தில் 45-க்கு அறுக்கும்போதே ஒரு மி.மீ. மட்டும் மிச்சம் விட்டு, 80 உப்புத்தாளில் ஜிக்கை இப்படியும் அப்படியும் நகர்த்தியபடி மெல்லத் தேயுங்கள். அப்புறம் எதிரெதிர்ப் பக்கங்கள் நீளத்தில் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கோணம் சரியாக இருந்தும் மூலை சேராது. முதல் கட்டையின் அளவுக்கு முக்கோணப் பக்கத்தை நீட்டி ஒரு ரீப்பர் அடித்து, அதில் தடுப்புக்கட்டை ஒன்றை கிளாம்ப் போட்டுவிடுங்கள். இரண்டாவது கட்டை மறுமுனை அதில் முட்டியபடியே தேயட்டும்.