உஸ்பெக் இசை எவ்வளவு பழசு? கேள்வி பதில்

உஸ்பெகிஸ்தான் இசை பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: உஸ்பெக் இசைக்கு இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம் என்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். அந்த மண்ணில் இசைக்கு அவ்வளவு வயது நிச்சயம் உண்டு. ஆனால் உஸ்பெக் என்ற பெயர் அங்கே ஊன்றியது ஷைபானி கான் 1500 வாக்கில் சமர்கண்டைப் பிடித்த பிறகுதான். அதற்கு முன்னால் சோக்டியர், பாக்ட்ரியர், குவாரஸ்மியர் என்று ஈரானிய மொழிகள் பேசிய மக்கள், அப்புறம் துருக்கியர், நடுவில் அரேபியப் படையெடுப்பு. இத்தனை பேர் கைபட்டு வந்ததை ஒரே இனத்தின் சொத்தாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: பழமைக்கு உருப்படியான ஆதாரம் என்ன இருக்கிறது?

எனக்குப் பிடித்தது ஐர்தாம் சிற்பத் தொகுதி. தெர்மெஸ் ஊருக்குப் பக்கத்தில் அமு தாரியா ஆற்றங்கரையில் 1932-இல் கிடைத்தது, குஷானர் காலத்தது, ஒரு பௌத்த வளாகத்தை அலங்கரித்தது. சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய இசைக்கலைஞர்கள் அகன்ற இலைகளுக்கு நடுவிலிருந்து இடுப்புக்கு மேல் மட்டும் எழும்பி நிற்கிறார்கள், ஒருவர் கையில் யாழ், இன்னொருவரிடம் குட்டைக் கழுத்து நரம்பு வாத்தியம், ஒருவரிடம் தோல் மேளம். இலையமைப்பு கிரேக்கம், கோயில் பௌத்தம், இசைக் கருவிகள் ஆசியா. இப்போது அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குவாரஸ்மில் தோப்ராக் கலா அரண்மனைச் சுவரோவியத்திலும் யாழ் மீட்டும் ஒரு பெண் உண்டு. பழைய சமர்கண்டான அஃப்ராசியாப் மேட்டில் வாத்தியம் ஏந்திய சுடுமண் பொம்மைகள் நிறைய அகப்பட்டிருக்கின்றன.

கேள்வி: சரி, அந்தக் காலத்து மெட்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இல்லை. செய்திகள்தான் மிச்சம். புகாராக்காரர்கள் ஈரானியப் புராணக் கதைகளில் வரும் இளவரசன் சியாவுஷ் கொல்லப்பட்டதை நினைத்து ஒப்பாரி பாடுவார்கள் என்று 10-ஆம் நூற்றாண்டில் நர்ஷகி என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். சீனத்துத் தாங் அரசவையில் சமர்கண்டு இசைக்கு ஒரு குழு, புகாரா இசைக்கு ஒரு குழு என்று தனித்தனியாகவே வைத்திருந்தார்கள். பட்டுப் பாதையில் சரக்கோடு பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் போயிருக்கிறார்கள்.

கேள்வி: ஷாஷ்மகாம் அல்-ஃபராபி உருவாக்கியது என்று ஒரு காணொளியில் கேட்டேன்...

இல்லவே இல்லை. ஷாஷ்மகாம் என்றால் ஆறு மகாம், அதாவது நம் ராகம் மாதிரியான அமைப்பில் வரும் ஆறு பெரிய இசைத் தொகுதிகள். ஃபராபி என்ற தத்துவ அறிஞரோ 950-இல் இறந்துவிட்டார். அவர் எழுதிய பெரிய இசை நூல் சுருதி, இடைவெளி, தாளம், வாத்தியங்கள் பற்றிய கோட்பாடு. புஸ்ருக், ரோஸ்த், நவோ, துகோஹ், செகோஹ், இரோக் என்ற ஆறு மகாம்களும் ஒரே தொகுப்பாக உருத்திரண்டது 18-ஆம் நூற்றாண்டில், புகாரா அரசவையில். ஒவ்வொன்றிலும் முதலில் வாத்தியப் பகுதி, பிறகு பாட்டு. குருவிடம் கேட்டுக் கேட்டுத்தான் படித்தார்கள். 1923-இல் உஸ்பென்ஸ்கி என்ற ரஷ்யர் புகாரா வித்வான்களை உட்கார வைத்து ஸ்வரப்படுத்தினார், அடுத்த வருஷம் மாஸ்கோவில் அச்சானது, பாடல் வரிகள் இல்லாமல்! வரிகளில் பெரும்பகுதி பாரசீகம், தாஜிக்குகள் பேசுவதும் அதன் ஒரு வடிவம்தான். சோவியத் ஆட்சி புதிதாக உஸ்பெக், தாஜிக் என்று எல்லை கிழித்துக் கொண்டிருந்த நேரத்தில் அது யாருக்குச் சங்கடமாக இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் அது தாஜிக்கா, உஸ்பெக்கா?

இரண்டும்தான். யுனெஸ்கோவே இரண்டு நாட்டின் பெயரிலும் சேர்த்து அங்கீகரித்தது. போதாததற்கு, புகாரா எமீரின் அரசவைப் பாடகர்களில் பெரும் புகழ் பெற்ற லெவி பாபாகானோவ் ஒரு யூதர்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

ஷாஷ்மகாமில் வேண்டாம், நீளம், பொறுமை சோதிக்கும். தோய்ராவில் தொடங்குங்கள், நம் கஞ்சிராவைப் பெரிதாக்கியது மாதிரி இருக்கும், சட்டத்தின் உட்பக்கம் சுற்றிலும் இரும்பு வளையங்கள், விரல் பட்டாலே சலசலக்கும். அப்புறம் ஃபர்கானா பள்ளத்தாக்கின் கத்தா அஷுலா. வாத்தியமே கிடையாது. பாடுபவர் ஒரு தட்டை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக் குரலைத் திருப்பிவிட்டபடி உச்சஸ்தாயிக்குப் போவார், முடித்ததும் அடுத்தவர் அங்கிருந்து பிடித்துக்கொள்வார். உஸ்பெக் பாடகி முனோஜாத் யுல்சியேவா பாடியது கிடைத்தால் முதலில் அதைக் கேளுங்கள், ஹெட்போனில் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு.