ஒரு வாரம் சுகம், மறுவாரம் வலி

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் சொந்த ஊரான மண்டைக்காடு புதூருக்கே வந்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு வயது 61, சர்க்கரை உண்டு. தினமும் காலை 6 மணிக்குச் செருப்பில்லாமல் கடற்கரை வழியாகக் குளச்சல் பக்கம் நடந்து போவார். டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார். ஒரு வாரம் சுகமாகப் போய் வருவார். மறுவாரம் இடது கணுக்காலின் வெளிப்பக்கம் வலி, வலது முட்டி பிடிப்பு என்று உட்கார்ந்துவிடுவார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, வரும்போது சட்டைப்பை நிறையச் சிப்பி, சங்கு கொண்டுவருகிறார். சில நாற்றமெடுக்கின்றன. மர ஷோகேஸில் வைத்தவற்றின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சை என்று வினிகரில் கழுவினேன், பளபளப்பே போய்விட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்குப் பேத்தி வருகிறாள். நடையும் நிற்கக் கூடாது, வீடும் நாறக் கூடாது. என்ன செய்ய?

பதில்: சகோதரி, ‘ஒரு வாரம் சுகம், மறுவாரம் வலி’ என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் சுவர்க்கடிகாரம் பார்த்து நடக்கிறார். கடல் அந்தக் கணக்கில் நடப்பதில்லை.

கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். மலையாளத்தில் வேலியேற்றம், வேலியிறக்கம் என்கிறார்களே, அதுதான். ஒவ்வொரு நாளும் இது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு வற்றம் என்றால் நாளை 6.50, அதற்கு மறுநாள் 7.40. ஏழு நாளில் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். அதாவது, போன வாரம் காலை 6 மணிக்கு நன்றாக வற்றிக் கிடந்த கரை, இந்த வாரம் அதே 6 மணிக்கு முழுக்க ஏறி நிற்கும். அடுத்த வாரம் மறுபடியும் வற்றம்.

உங்கள் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் சரிவான கரையில் அரை மீட்டர் நீர் இறங்கினாலே ஐந்தாறு மீட்டர் அகலத்துக்கு ஈர மணல் வெளிப்படும். அந்த ஈர மணல் இறுகிக் கிடக்கும், சாய்வும் குறைவு, கால் புதையாது. நீர் ஏறி நிற்கும்போது அந்தப் பட்டை முழுக்க அலைக்கு அடியில் போய்விடுகிறது. நடக்க மிச்சம் இருப்பது மேலே உள்ள காய்ந்த மணலும், அலை வந்து மோதும் சரிவும்தான். காய்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். நடக்கும் நேரம் அதேதான், ஆனால் கெண்டைக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் அது வேறு வேலை.

சரிவு இன்னும் மோசம். குளச்சல் நோக்கிப் போகும்போது கடல் இடது கைப்பக்கம். இடது கால் தாழ்வில், வலது கால் மேட்டில். தாழ்வில் ஊன்றும் பாதம் வெளிப்பக்கமாகச் சாயும். கணுக்காலின் வெளித்தசைநார் ஒவ்வோர் அடிக்கும் இழுபடும். மேட்டுக்கால் முட்டியைக் கூடுதலாக மடித்தே நடக்க வேண்டியிருக்கும். இடது கணுக்கால் வெளிப்பக்கம், வலது முட்டி என்று அவர் சொல்வது இதோடு அப்படியே பொருந்துகிறது. திரும்பி அதே மணலில் நடந்தால் பாரம் கால் மாறி ஓரளவு சமமாகும். அவரோ பஸ்ஸில் வந்துவிடுகிறார்.

ஆகவே முதல் மாற்றம்: பாதி தூரம் போய் அதே மணலில் திரும்பி வரட்டும். டீயைப் புதூரிலேயே குடிக்கலாம். இரண்டாவது, வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரைதான் மணலில் இறங்க வேண்டும். வற்ற நேரத்தை இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பக்கத்துக் கேரளத் துறைமுகமான விழிஞ்ஞத்துக்கான நேரமே போதும், உங்கள் கரைக்குச் சில நிமிடங்கள்தான் மாறும். இணையம் வேண்டாம் என்றால் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசையன்று எத்தனை மணிக்கு வற்றமோ, ஏறக்குறைய அதே மணிக்குத்தான் பௌர்ணமியிலும். ஒரு மாதம் தாளில் நேரத்தைக் குறித்து வந்தால் எந்தெந்தத் திதிகளில் காலை வற்றம் என்பது மனப்பாடமாகிவிடும். ஒரு நாளின் இரண்டு வற்றங்களும் ஒரே அளவில் இருக்காது, ஒன்று ஆழமாக இறங்கும், மற்றது மேலோட்டமாக நின்றுவிடும். எது நல்ல வற்றம் என்பதும் அந்தத் தாளில் தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீர் மிக அதிகமாக இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது.

இப்படிப் பார்த்தால் பதினைந்து நாளில் ஏழெட்டு நாள் காலையிலோ மாலையிலோ நல்ல மணல் கிடைக்கும். மற்ற நாட்களில் வற்றம் உச்சிவெயிலில்தான். அந்த நாட்களில் தோப்பு ஊடே போகும் உள்சாலையில் ஷூ போட்டு நடக்கட்டும். மணலில் நடந்தால்தான் நடை என்ற எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்; தார்ச்சாலை நடையும் சர்க்கரைக்கு அதே அளவு நல்லதுதான். இரண்டு வாரம் இப்படி மாற்றியும் வலி குறையாவிட்டாலோ, கணுக்கால் வீங்கினாலோ எலும்பு மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும்.

வெறுங்காலை மட்டும் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கலாம், குத்தியதே தெரியாது. வலையிலிருந்து தட்டிவிட்ட கெளுத்தியின் முள், அறுந்த தூண்டில் கொக்கி, பாட்டில் சில்லு எல்லாம் அந்த ஈர மணலில்தான் கிடக்கும். கெளுத்தி முள்ளில் விஷமும் உண்டு. பின்வார் உள்ள, விரல்நுனி மூடிய ரப்பர் செருப்பு நல்லது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை.

கள்ளக்கடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல் புதிதல்ல, ஆனாலும் வருஷா வருஷம் ஆள் போகிறது. தெற்கே வெகுதூரத்துப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் ஓடிவந்து இங்கே ஏறுவதுதான் அது. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. சித்திரை, வைகாசி மாதங்களில் அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிர்விட்டது அப்படியொரு நாளில்தான். எச்சரிக்கை வந்திருந்தால் அன்று கரையில் இறங்கவே வேண்டாம். எச்சரிக்கை காதில் விழாத நாளிலும் இறங்குமுன் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையில் வழக்கமாக ஏழெட்டு முதல் பத்து வினாடி. அது பதினைந்துக்கு மேல் நீண்டு, நீரும் காய்ந்த மணல் வரை ஏறி வந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவின் கற்கள் மேல் எந்த நாளிலும் ஏறக் கூடாது. பாசி பிடித்த கல் வழுக்கும், இடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலைக்குள் எடுக்க முடியாது. வளைவை ஒட்டிய நீரில் கடலுக்குள் இழுக்கும் ஓட்டமும் இருக்கும்.

கரமடி (கரையில் நின்று இருபுறமும் கயிறு பிடித்து இழுக்கும் வலை) இழுக்கும் நேரம் என்றால் இரண்டு கயிறுகளுக்கும் நடுவே புகாமல், இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போகச் சொல்லுங்கள். விறைத்த கயிறு சட்டென்று தெறித்தால் முழங்கால் தாங்காது. காயப்போட்ட வலையை மிதித்துப் போவது மரியாதையும் அல்ல.

இனி சிப்பி. வெள்ளைப் பொடி பூஞ்சை இல்லை. சிப்பியும் சங்கும் சுண்ணாம்பு. மரமும் பிளைவுட்டும் மெல்ல மெல்லப் புளிப்பு ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய ஷோகேஸில் கடற்கரை ஈரக்காற்றும் சேரும்போது அந்த ஆவி சுண்ணாம்பை அரித்து வெள்ளை உப்பாகப் பூக்க வைக்கிறது. ஷோகேஸைத் திறந்து மோந்து பாருங்கள், லேசாக வினிகர் வாடை வரலாம். நீங்கள் கழுவியதும் வினிகரில்தான்! அதே புளிப்பு, பல மடங்கு வீரியத்தில். பளபளப்பு போனது அதனால். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். காலை, மாலை தண்ணீரை மாற்றுங்கள். உள்ளே தங்கிய கடலுப்பு போனால்தான் மறுபடி ஈரம் இழுக்காது. நிழலில் மூன்று நாள் காயட்டும், வெயில் நிறத்தை வெளுக்கும். பிறகு மரத்தை விட்டுவிட்டு, கண்ணாடி ஜாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அட்டைப்பெட்டியும் வேண்டாம், அதுவும் புளிப்பு விடும். மினுமினுப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் சிக்கு வாடை வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு பஞ்சில் எடுத்துத் துடைத்தால் போதும்.

நாற்றத்துக்குக் காரணம் உள்ளே உயிரோ, செத்த சதையோ இருப்பது. சங்கின் வாயில் கொம்பு போன்ற மூடி அடைத்திருந்தால் பிராணி உள்ளே இருக்கிறது. மூடி இல்லாவிட்டாலும் ஈர மணலில் வைத்து, நிழல் விழாமல் ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். துறவி நண்டு குடியிருந்தால் கால் நீட்டும். இரண்டையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு கிடந்தால் கையாலேயே தொடக் கூடாது. அது விஷ ஊசி வைத்திருக்கும் பிராணி. ஏற்கெனவே வீட்டில் நாறுவதை, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம், திறந்த வெளியில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ ஒரு சொட்டும் சேரக் கூடாது. வரும் குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது. பவளத்துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் காய்ந்து செத்துக் கரை ஒதுங்கியிருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் வருபவை; சில பெரிய சங்கு வகைகளும் அப்படியே. பக்கத்து மணவாளக்குறிச்சி மணலையும் டப்பாவில் அடைத்துக் கொண்டுவர வேண்டாம். அது தாது மணல், கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கிய மோனசைட் அதில் கலந்திருக்கிறது. அணுசக்திச் சட்டம் காக்கும் பொருள். கரையிலேயே உள்ளங்கையில் ஒரு சிட்டிகை எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கலாம். கறுப்பாகத் தெரிவது இல்மனைட், சிவந்த மணி கார்னெட், கண்ணாடி போன்றது சாதாரண மணல். அலை லேசான மணலை இழுத்துப் போய்விட, கனமான கறுப்பு கோடு கோடாக மிஞ்சும். அதைப் பேத்திக்குக் காட்டிவிட்டு அங்கேயே கொட்டிவிடுங்கள்.

டிசம்பரில் வருகிறாள் என்றீர்கள், நல்ல காலம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு கடல் அரித்துக்கொண்டு போன மணல், மழைக்காலம் முடிய முடியத் திரும்பி வந்து கரை அகலமாகியிருக்கும். எவ்வளவு திரும்பியது என்பதை அவளே அளக்கட்டும். அலை கடைசியாக நனைத்த கோட்டிலிருந்து கல்சுவர் வரை எத்தனை அடி வைத்தாள் என்று, தேதியும் திதியும் போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவள் போன பிறகு தாத்தா தொடரலாம். ஒரு வருஷக் கணக்கு சேர்ந்தால் கரை எப்போது மெலிகிறது, எப்போது தேறுகிறது என்பது எண்ணிக்கையாகவே தெரியும். எப்போதும் அவளுடைய அடியாலேயே அளக்க முடியாது என்பதால் தொடக்கத்திலேயே தாத்தாவின் அடியையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

சிப்பி பொறுக்கும் கைக்கும் வேறு வேலை கொடுக்கலாம். கரையில் கிடக்கும் மட்டி ஓடுகளைப் புரட்டிப் பார்த்தால், சிலவற்றில் இரண்டு ஓடுகளும் இணையும் பக்கத்து மேடான கொண்டைக்கு அருகே ஊசி வைத்துத் துளைத்ததுபோல் வட்டமான ஓட்டை இருக்கும். அது தற்செயல் உடைப்பு இல்லை, ஒரு மாமிச நத்தை போட்டது. ஓட்டின் சுண்ணாம்பைப் புளிப்பு நீரால் இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டிச் சுரண்டித் துளையிட்டு உள்ளே இருக்கும் சதையை உறிஞ்சிவிடும். துளையின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். வெளியே அகன்று உள்ளே குறுகி, ஆணித்தலை பதியக் குடைந்த குழிபோல் இருந்தால் அது மணலுக்குள் ஊரும் நிலா நத்தையின் வேலை. சுவர் நேராக இறங்கினால் முள்சங்கு இனம். நூறு மட்டி ஓடு எண்ணி, அதில் எத்தனையில் துளை, எந்த வகைத் துளை என்று எழுதிவிட்டு, ஓட்டை உள்ளதில் நல்லதாக ஐந்தாறை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரட்டும். நூல் கோக்கத் துளை தயாராகவே இருக்கிறது.