வானத்தில் திட்டு விழுந்தால் டேங்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை 4×5 அங்குல ஷீட் பிலிமில் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் பிலிம்) எடுத்து வீட்டிலேயே கழுவுகிறேன். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிம், நீர் கலக்காத ஐடி-11 டெவலப்பர் (பிலிமில் படத்தை வரவழைக்கும் மருந்து), ஆறு தாள் பிடிக்கும் மாட்54 தாங்கி வைத்த பேட்டர்சன் டேங்க். வெயில் காலத்தில் டெவலப்பர் 26 டிகிரியில் நிற்கிறது. அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். பாறையும் மதிலும் அருமையாக வருகின்றன. வானம் மட்டும் திட்டுத் திட்டாக விழுகிறது, நெகட்டிவின் ஓரங்களில் அடர்த்தி (கருமை) கூடுகிறது. ஜோபோ சுழல் கருவி (டேங்கைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சுழற்றிக் கழுவுவது) வாங்கினால் தீரும் என்கிறார் பெங்களூரு நண்பர். என் ஒரு மாதச் சம்பளம் போதாது. வாங்கலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தடயம் இருக்கிறது: 26 டிகிரி.

எச்பி5 பிளஸ் பிலிமை ஐஎஸ்ஓ 400 வேகத்தில் (ஒளியுணரும் திறனின் அளவு) எடுத்து, நீர் கலக்காத ஐடி-11-இல் கழுவ 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்ட் தரும் கணக்கு. அதாவது மூன்று டிகிரி ஏறினால் நேரத்தில் கால் பங்கு போய்விடும். அப்படிப் பார்த்தால் 26 டிகிரியில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ நாலே கால் நிமிடம். ஒரு லிட்டர் டெவலப்பரை டேங்கில் ஊற்றி முடிக்கவே பல விநாடிகள் ஆகும். அதற்குள் அடிப்பாகம் வேலையைத் தொடங்கிவிடும், மேல்பாகம் காய்ந்தே கிடக்கும். பதின்மூன்று நிமிடக் கழுவலில் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். நாலு நிமிடத்தில் படத்தில் பதிந்துவிடும். டெவலப்பரில் பிலிம் இருக்கும் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகக் கூடாது என்று இருட்டறைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது இதற்காகத்தான். பாறையின் சொரசொரப்பு குறையை மறைத்துவிடுகிறது, வெறும் வானத்தில் மறைய இடமில்லை.

ஆகவே ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர் சேருங்கள். 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் கிட்டத்தட்ட 9 நிமிடம். ஒரு முறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிட வேண்டும். 24 டிகிரிக்கு இறக்குவது கடினமல்ல. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் மருந்து பாட்டில்களை நிறுத்தி, நடுவே உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு போடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக டெவலப்பரில் போட்டால் கலவை நீர்த்துப்போகும். ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்துவது), அலசும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். இதற்கு நீங்கள் வாங்க வேண்டிய ஒரே பொருள் நம்பகமான தெர்மாமீட்டர். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் ஜோபோ நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் நீர்த்தொட்டியில் இருப்பது சூடேற்றும் கம்பி. குழாய்த் தண்ணீர் 10, 15 டிகிரியில் வரும் குளிர்நாடுகளில் அது வரப்பிரசாதம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கொதித்து இறங்கும் நம்மூர் சித்திரை மாதத் தண்ணீரை அது குளிர்விக்காது. பெரிய மாடல்களில் குளிர்நீர் இணைப்பு உண்டு என்றாலும் அந்தக் குளிர்நீருக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். மாதம் முழுக்கப் பிலிம் கழுவுகிறவருக்கு அது பயன்படும், கலர் பிலிமுக்கும் பயன்படும். என்றாவது வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சுழல் கருவியில் தண்ணீரில் முன்கூட்டி நனைப்பது சீரின்மைக்கு வழி வகுக்கும் என்பதால் வேண்டாம் என்கிறது இல்ஃபோர்ட்.

நேரத்தை நீட்டியும் திட்டு போகவில்லையா? அப்போது குற்றவாளி டேங்கா கேமராவா என்று பிரித்தறியுங்கள். நிழலில் இருக்கும் ஒரு வெள்ளைச் சுவரை, குவியம் விலக்கி, ஒரே அளவில் இரண்டு தாள்கள் எடுங்கள். தாளின் ஒரு மூலையில் வெட்டுக்குறி இருக்கும் அல்லவா? நிமிர்த்திப் பிடிக்கையில் அது வலது மேல் மூலையில் வந்தால் இமல்ஷன் (ஒளியுணரும் பூச்சு) உங்களைப் பார்க்கிறது என்று இருட்டில் விரலால் தடவித் தெரிந்துகொள்கிறோமே, அதே குறிதான். தாங்கியில் ஒரு தாளைக் குறி மேலே வரும்படியும் மற்றதைக் கீழே வரும்படியும் செருகிக் கழுவுங்கள். காய்ந்த பிறகு இரண்டையும் குறி ஒரே பக்கம் இருக்கும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். திட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் லென்ஸ், பெல்லோஸ் (கேமராவின் மடிப்புத் துருத்தி), ஹோல்டர் (கேமராவில் தாளைப் பிடிக்கும் சட்டம்) இவற்றில் ஒன்றில் கோளாறு. ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் இருந்தால் டேங்குதான். ஷோரூம் விற்பனையாளர் யாரும் இந்தச் சோதனையைச் சொல்லித்தர மாட்டார். ஆனால் இதைச் செய்யாமல் புது டேங்க் வாங்குவது காசைக் கரியாக்குவது.

நெகட்டிவில் மூலைகள் நான்கும் வெளுத்திருந்தால் அது லென்ஸின் இயல்பு. உங்களுக்கோ ஓரங்கள் அடர்த்தியாகின்றன. தாங்கியில் தாளைப் பற்றும் பிடிகளின் அருகே மருந்து வேகமாகச் சுழிப்பதன் அடையாளம் இது. டேங்கின் நடுக்கம்பைச் சுழற்றுவதை நிறுத்துங்கள். முதல் 10 விநாடிகளில் நான்கு முறை, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடிகளில் நான்கு முறை, நிதானமாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். ஒவ்வொரு முறையும் டேங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்துக் கவிழ்த்தால் ஓட்டம் ஒரே தடத்தில் போகாது. ஆறு தாளுக்குப் பதில் நான்கு மட்டும் செருகிப் பாருங்கள். நேர்கோடு போட்டதுபோல ஒரு பட்டை வெளுத்திருந்தால் மருந்தின் அளவு குறைவு. பின்புறம் மட்டும் ஊதாக் கறை இருந்தால் அது கழுவல் கோளாறே அல்ல; பிலிமின் முதுகில் பூசிய சாயம் முழுதாகக் கரையவில்லை, மறுபடி நன்றாக அலசினால் போகும்.

செலவு குறைந்த வழியும் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பிடித்தமானது. பாத்திரக் கடையில் பிலிமைவிடச் சற்றுப் பெரிய, அடி தட்டையான மூன்று ட்ரே வாங்குங்கள். ஒரு ட்ரேயில் ஒரே ஒரு தாள், இமல்ஷன் மேலே. மருந்து ஒரு விரற்கடை உயரம். முழு இருட்டில் ட்ரேயின் நான்கு ஓரங்களையும் மாற்றி மாற்றி மெல்லத் தூக்கி இறக்குங்கள். ஒரு தாளுக்கு ஒன்பது நிமிடம் நிற்க வேண்டும், பொறுமைதான் விலை. வானம் வழித்துவிட்டாற்போல வரும். கையுறை போடுங்கள். அந்த ட்ரே பிறகு சமையலறைக்குப் போகக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பிலிம் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றன. தனி ஃபில்டர் வாங்க வேண்டுமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: வேண்டாம். ஃப்ளோரைடு குடிப்பவரின் பல்லுக்கும் எலும்புக்கும் கேடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. பிலிமில் பொட்டு வைப்பது தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். டெவலப்பர் கலக்கவும் கடைசி முக்கலுக்கும் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ எடுத்து, முக்கலில் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் திரவம்) சில துளிகள் விடுங்கள். கூடினால் அதுவே கறையாகும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய புது ஷீட் பிலிம் டேங்கின் மூடி வழியே வெளிச்சம் நுழைந்து நான்கு தாள்கள் வீணாகிவிட்டன. விற்றவர் வேறு மாநிலம். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார்.
— வாசகர், ஓசூர்

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் சான்றைத் தயார் செய்யுங்கள். வெளிச்சம் படாத ஒரு தாளை இருட்டில் டேங்கில் போட்டு மூடி, மருந்து ஊற்றாமல் வெயிலில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு இருட்டில் எடுத்து, வெளிச்சம் படாத இன்னொரு தாளோடு சேர்த்து ட்ரேயில் கழுவுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பில்லோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

மசியவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வீணான பிலிமின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். அதன் பில்லும் வேண்டும். நீங்கள் ஸ்டூடியோ நடத்துபவராக இருந்தால், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியது என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் வாதிடும்.