வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது ஆசையாக வைத்திருக்கும் காரை விற்பதா, வீட்டிலேயே விட்டுப் போவதா?

கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. "மேற்படிப்புக்கு இரண்டு வருடம் வெளிநாடு போகிறேன், கார் மேல் ரொம்பப் பிரியம், விற்க மனசு வரவில்லை" என்று இரண்டே வரியில் கேட்டிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். வயது இருபத்து நாலோ இருபத்தைந்தோ இருக்கும். வேலையை விடாமலேயே விசாவுக்கு அலைகிறீர்கள். கார் புதுசு இல்லை. புதுசாக இருந்தால் லோன் இருக்கும், லோன் இருந்தால் வீட்டிலேயே முடிவு பண்ணியிருப்பார்கள், நீங்கள் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். அப்பா "வித்துத் தொலை" என்கிறார். அம்மா வாயே திறக்கவில்லை. சரிதானே?

சுருக்கமான பதில்: விற்றாலும் சரி, வைத்தாலும் சரி, விமானம் ஏறும் அன்றைக்கு உங்கள் பேரில் ஒரு ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) கூட இருக்கக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பது கொஞ்சம் நீளமான கதை.

2023 வரை நான் மதுரையில், பழங்காநத்தம் பக்கம்; அதன்பின் ஜெர்மனிக்குப் படிக்கப் போனேன். வேலை கப்பலூர் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. மூன்று ஷிஃப்ட். வீட்டிலும் மூன்று வண்டி. ஒன்று 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, மேலூரில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரிடம் வாங்கியது. இரண்டாவது 2003 மாடல் எஸ்டீம், வெள்ளை. மூன்றாவது அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக், அதை விற்கலாமா என்று கேட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு கிடையாது, அதனால் அதை விட்டுவிடுவோம்.

மூன்று வண்டியா என்று யாரும் கண் வைக்க வேண்டாம். மூன்றையும் சேர்த்து விற்றால் ஒரு புது ஆல்டோ விலையில் பாதி தேறாது. சம்பளத்தில் சீட்டுக் கட்டி வாங்கியவை. "படிக்கப் போகிறவனுக்கு எதுக்கு கார்" என்று கீழே கருத்து எழுத வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: என் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். கேட்ட அதே வாயால் "வளைகாப்புக்கு ஒரு நாள் கார் அனுப்புப்பா" என்றும் கேட்டார்கள்.

ஷிஃப்ட்டுக்குத் தகுந்த வண்டி என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு. திருப்பரங்குன்றம், தனக்கன்குளம் தாண்டிப் போகும்போது ரோடு காலியாக இருக்கும், அதற்கு ஆர்.எக்ஸ். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் டூவீலர் ஓட்டக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணியிருந்ததால் அதற்கு 800. எஸ்டீம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அதுவும் ஜெர்மன் வகுப்பு சேர்ந்த பிறகு ஞாயிறும் போச்சு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் டேர் (ஆண்), டீ (பெண்), தாஸ் (இரண்டும் அல்லாதது) என்று மூன்று பால் மனப்பாடம் பண்ண வேண்டும். காரை 'ஆட்டோ' என்றால் 'தாஸ்'. அதே காரை 'வாகென்' என்றால் 'டேர்'. நம் 'வாகனம்' போலவே கேட்கிறதே என்று பின்னால் தேடிப் பார்த்தேன். சமஸ்கிருத 'வாஹன'வுக்கும் ஜெர்மன் 'வாகெ'னுக்கும் வேர் ஒன்றுதானாம்.

இதற்கு நடுவில் தெரிந்தவர்கள் பழைய கார் வாங்கப் போனால் துணைக்கு என்னைக் கூட்டிப் போவார்கள். கூலி ஐநூறு ரூபாயும் புரோட்டாவும். நான் முதலில் பானட்டைத் திறக்க மாட்டேன். கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் ரப்பர் பீடிங்கை ஒரு சாண் இழுத்துப் பார்ப்பேன். உள்ளே தகட்டில் ஸ்பாட் வெல்டிங் பொட்டுப் பொட்டாக, ஒரே இடைவெளியில் இருந்தால் கம்பெனி பாடி. பொட்டு இல்லாமல் வழவழவென்று இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். "ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்று புரோக்கர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் விரல் அந்த பீடிங்குக்குள் இருக்கும். அவ்வளவு விவரமான ஆள்தான் பின்னால் சொல்லப்போகும் மடத்தனத்தைச் செய்தேன்.

முதலில் எலி கதை. எங்கள் தெருவில் கார் நுழையும், திரும்பாது. அதனால் எஸ்டீமைப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய மர டிப்போ ஷெட்டில் மாதம் 800 ரூபாய் வாடகைக்கு விட்டிருந்தேன். 2023 மார்ச்சில் பரீட்சை, கூடவே கம்பெனியில் ஆடிட். நாற்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அப்பத்தாவுக்கு மூச்சு வாங்கியது. நல்ல வண்டியில் கூட்டிப் போகலாம் என்று ஓடிப்போய் எஸ்டீமில் சாவி போட்டால் செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பானட்டைத் தூக்கி செல்போன் லைட் அடித்தால் இன்ஜின் மேலேயே தேங்காய் நாரும் துணியுமாக ஒரு கூடு. இன்ஜெக்டருக்குப் போகும் வயர் தோலுரித்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. அப்புறம் 800தான். சோக்கை இழுத்து, ஒரே திருப்பு. அப்பத்தா பின் சீட்டில் படுத்துக்கொண்டே, "இந்த வண்டி நல்ல வண்டிடா" என்றது. மூன்று நாளில் தேறி வந்துவிட்டது, இப்போதும் நன்றாக இருக்கிறது.

அந்த 800ஐத்தான் விற்றேன்.

ஏன் எஸ்டீமை விற்கவில்லை என்பீர்கள். எஸ்டீமுக்கு யாரும் 55,000க்கு மேல் கேட்கவில்லை. நான் அதில் போட்டது ஒரு லட்சத்தைத் தாண்டும். 800ஐத் தெருவில் நிறுத்தினாலே நாலு பேர் விலை கேட்பார்கள். இது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம், எஸ்டீம் எனக்குப் பிடிக்கும். ரிங் ரோட்டில் மூன்றாவது கியரில் இழுக்கும்போது அது போடும் சத்தம் பிடிக்கும். அவ்வளவுதான்.

பணம் எங்கே போனது என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் இதே கணக்குதான் வரும். ஜெர்மனிக்கு மாணவர் விசா வேண்டுமென்றால் ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) போட்டுக் காட்ட வேண்டும். நான் போனபோது 11,208 யூரோ, கிட்டத்தட்ட பத்து லட்சம். 2024 செப்டம்பரிலிருந்து 11,904. சான்றிதழ் சரிபார்க்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கு 18,000 ரூபாய். முடக்கக் கணக்கைக் கல்விக் கடனில் சமாளித்தோம். மற்றதெல்லாம் மாருதி 800ஐ விற்ற 45,000த்தில் போனது.

அதோடு நின்றதா? ஒரு கன்சல்டன்சிக்கு 40,000 அழுதேன். பேர் வேண்டாம். அவர்கள் செய்தது, நானே எழுதிக் கொடுத்த கடிதத்தில் என் ஊர்ப் பேரைத் தப்பாக டைப் அடித்தது. யூனி-அசிஸ்ட் என்ற பல்கலைக்கழக விண்ணப்பத் தளத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ, யார் வேண்டுமானாலும் நேரடியாகப் போடலாம். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது. இதையெல்லாம் ரகசியம் மாதிரி ஏசி ரூமில் உட்கார வைத்துச் சொல்கிறார்கள். கேட்டது கார் பற்றி, தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, மாருதி 800 கதைக்கு வருவோம். வாங்கியவர் உசிலம்பட்டிப் பக்கம் தூரத்துச் சொந்தம் ஒருவர், மாமா முறை. ஆனி கடைசியில் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துப் போனார். நான் பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29இலும் 30இலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், தேதி போடாமல். "ஆடி போகட்டும் மாப்ள, ஆவணில பேர மாத்திக்கிறேன்" என்றார். ஆடியில் யார் பேர் மாற்றுவார்கள், நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். ஆவணியில் என் விசா வந்தது, வேலையை விட்டேன், ரிலீவிங் லெட்டருக்கு நாயாய் அலைந்தேன், செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறினேன். மாமா ஞாபகமே இல்லை. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஃபாரம் 29 மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ஊருக்கெல்லாம் நான் சொல்லும் புத்திமதி.

டிசம்பரில், நான் படிக்கப் போன இங்கோல்ஸ்டாட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், மூக்கு எங்கே இருக்கிறதென்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். மதுரை சிம்முக்கு ஒரு மெசேஜ். தேனி பக்கம், சீட் பெல்ட் போடவில்லை, அபராதம். வண்டி நம்பர் என் 800. சிரித்துக்கொண்டே மாமாவுக்கு ஃபார்வர்டு பண்ணினேன். பிப்ரவரியில் அப்பா கூப்பிட்டார். ஆண்டிப்பட்டி பக்கம் 800 ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் மீது மோதி, அந்த மொபெட்டை ஓட்டியவருக்குக் கால் முறிந்துவிட்டது. வண்டிக்கு இன்சூரன்ஸ் டிசம்பரிலேயே முடிந்துபோயிருக்கிறது. ஸ்டேஷனில் என் பேரைச் சொல்லி விசாரிக்கிறார்கள்.

விற்ற வண்டிக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று வாதாடலாம் என்று நினைத்தால், 2018இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு. வண்டியைக் கைமாற்றிவிட்டேன் என்று சொன்னால் எடுபடாது. அப்பா ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி மூன்று தடவை போய் வந்தார். மூன்றாவது தடவை மாமாவையும் இழுத்துக்கொண்டு போனார். அடிபட்டவரின் வைத்தியச் செலவு முழுவதையும் மாமா கொடுத்தார். அதில் பாதி அப்பா கொடுத்த கைமாற்று என்று எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மாமாவைக் குறை சொல்லவில்லை, அவர் கெட்டவர் இல்லை. நான் அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டு அவரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப் போயிருந்தால் முடிந்தது.

எஸ்டீமில் மட்டும் புத்தியாக இருந்தேன், அதுவும் என் புத்தி இல்லை. 15 வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2023இல் அதற்கு முறை வந்தது. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகியிருந்தது. (20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். உங்கள் கார் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) புதுப்பிக்கப் போன இடத்தில் அங்கிருந்த ஒரு அண்ணன், "தம்பி, நீங்க போயிட்டா ஓ.டி.பி. ஒங்க போனுக்குத்தான வரும், அப்பா பேருக்கு மாத்திட்டுப் போங்க" என்றார். மாற்றினேன். இன்சூரன்ஸும் அப்பா பேருக்குப் போனது. ஒரு விஷயம்: நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுடையது, வண்டியுடையது அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

வைத்துவிட்டுத்தான் போவேன் என்றால், வீட்டில் யாராவது உண்மையிலேயே ஓட்ட வேண்டும். வாரம் ஒரு முறை நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பது உபயோகமில்லை; இன்ஜின் முழுதாகச் சூடாகாது, சைலன்சருக்குள் தண்ணீர் கோத்து உள்ளேயே துரு ஏறும், செல்ஃப் எடுத்த கரண்ட்டும் பேட்டரிக்குத் திரும்பாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓட்ட ஆள் இல்லையா, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றுங்கள். கை பிரேக் போடாதீர்கள், பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எலிக்கு நான் புகையிலையைத் துணியில் முடிந்து பானட்டுக்குள் கட்டினேன். பலித்தது போலத்தான் தெரிகிறது, உத்தரவாதம் தர மாட்டேன்.

அங்கே போய் ஓட்டலாம் என்று சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு 1,000 ரூபாய் கட்டியதும் எனக்கு வீண்தான். ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் வரைதான் நம் லைசென்ஸ் செல்லும், அதற்குமேல் அவர்கள் பரீட்சை எழுத வேண்டும். நான் மாதம் 49 யூரோ டிக்கெட்டில் ரயிலிலும் பஸ்ஸிலும் போனேன். கார் பைத்தியத்துக்கு வாய்த்தது ஆடி கார் செய்யும் ஊர், கைக்கு வாய்த்தது பஸ் கம்பி. அங்கே ஆடி அருங்காட்சியகத்தில் பழைய டி.கே.டபிள்யூ. (ஆடியின் முன்னோடிக் கம்பெனி) பைக்குகளைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் பண்ணினேன். யமஹா 1955இல் செய்த முதல் பைக்கே டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125ஐப் பார்த்துச் செய்ததுதான் என்றேன். "அப்ப நம்ம வண்டிக்கு அதுதான் தாத்தாவா?" என்றார். அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் பேச்சு அதுதானாம்.

இப்போது அப்பா ஞாயிறு தவறாமல் எஸ்டீமை நாகமலைப் புதுக்கோட்டை வரை ஓட்டிப் போய் டீ குடித்துவிட்டு வருகிறார். என்னிடமும் "வித்துத் தொலை" என்று சொன்ன அதே மனுஷன். போன மாதம் வீடியோ காலில் இன்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் பண்ணி பானட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "அப்பா, டேப்பட் சத்தம் வருது, க்ளியரன்ஸ் பாக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் இன்ஜினை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.