14 வயதைச் சொன்னவர்கள் 21-ஐச் சொல்லவில்லை

போன வாரம் ஷாங்காயிலிருந்து வீடியோ காலில் பேசினீர்களே, அதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். உங்கள் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. கூடக் கால்பந்து ஆடும் பையன்கள் சீனக் கால்பந்து வீரர் வு லெய்யின் பெயரைச் சொல்லிச் சொல்லி, "அவர் 14 வயதிலேயே கிளப்புக்கு ஆடிவிட்டார், எனக்கு இப்போதே நேரமாகிவிட்டது" என்று இரவெல்லாம் அழுகிறான் என்றீர்கள். பள்ளியை நிறுத்திவிட்டு முழுநேரப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்பது உங்கள் கேள்வி.

அனுப்ப வேண்டாம். ஆனால் வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் அவன் கேட்க மாட்டான். அதனால் வு லெய் கதையை முழுசாகச் சொல்லுங்கள்.

14 வயதில் ஆடியது உண்மைதான். 2006 செப்டம்பரில் ஷாங்காய் கிழக்கு ஆசியா அணிக்காக இறங்கினார், அப்போது அவருக்கு 14 வயது 287 நாள். ஆனால் அது சீனாவின் மூன்றாம் நிலை லீக். 2007-ல் அந்த லீக்கை வென்று மேலே வந்தார்கள். அப்புறம் இரண்டாம் நிலையில் ஐந்து வருடம். 2012-ல் அதையும் வென்ற பிறகுதான், 2013-ல், முதல் நிலையான சூப்பர் லீக்கில் கால் வைத்தார். அப்போது வயது 21. பையனிடம் 14-ஐச் சொன்னவர்கள் இந்த 21-ஐச் சொல்லவில்லை.

அந்த ஆறேழு வருடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஷாங்காயை ஒட்டிய சோங்மிங் தீவில் சூ கென்பாவ் என்ற கோச் 2000-ல் ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். 1995-ல் ஷாங்காயின் ஷென்ஹுவா அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த மையத்துப் பையன்களை வைத்தே ஒரு கிளப்பைத் தொடங்கி, கீழ் லீக்கில் பெரியவர்களோடு மோதவிட்டார். பாதுகாப்பு ஆட்டக்காரர் ஜாங் லின்பெங், கோல்கீப்பர் யான் ஜுன்லிங் எல்லாரும் அங்கே ஒன்றாக வளர்ந்தவர்கள்தான். வு லெய்க்குக் கிடைத்தது அறிமுகம் மட்டுமில்லை. வாராவாரம் ஆட்டம் கிடைத்தது. தோற்றாலும் அடுத்த வாரம் மறுபடி இறக்கிவிட ஒரு கோச் இருந்தார். நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.

அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சீன ஸ்ட்ரைக்கரே, அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரரே, இருக்கிறார். டாலியன் அணியிலிருந்து டோங் ஃபாங்சுவோவை 2004-ல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. அப்போது அவருக்கு 19 வயதுகூட முழுசாக ஆகவில்லை. இங்கிலாந்தில் வேலை அனுமதி கிடைக்காததால் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் அணிக்குக் கடனாக அனுப்பினார்கள். அங்கே கோல் அடித்தார். ஆனால் மான்செஸ்டருக்காக ஆடியது மொத்தம் மூன்றே போட்டி ஆட்டங்கள், அதில் லீக் ஆட்டம் ஒன்றுதான். 2008-ல் டாலியனுக்கே திரும்பினார். பிறகு போலந்து, போர்ச்சுகல், ஆர்மீனியா என்று அலைந்தார். திறமை இல்லாதவரை அந்த கிளப் வாங்கியிருக்காது. வளர வேண்டிய வயதில் தொடர்ந்து ஆட ஒரே இடம் அவருக்கு அமையவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வு லெய் வெளிநாடு போனது 27 வயதில். 2018-ல் 27 கோல் அடித்து, தன் ஷாங்காய் அணிக்கு முதல் சூப்பர் லீக் பட்டத்தையும் வாங்கித் தந்துவிட்டு, 2019 ஜனவரியில் ஸ்பெயினின் எஸ்பான்யோலில் சேர்ந்தார். 2020 ஜனவரி 4 அன்று பார்சிலோனாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். மாற்று ஆட்டக்காரராக வந்தவர், 88-வது நிமிடத்தில் வலப்பக்கமாகப் பாய்ந்து, தாழ்வாக எதிர்மூலைக்கு அடிக்கிறார். ஆட்டம் 2-2. அந்தப் பருவத்திலேயே எஸ்பான்யோல் அணி கீழ் லீக்குக்கு இறங்கியது, திரும்பி மேலே வந்த பிறகு அவருக்குப் பெரும்பாலும் பெஞ்ச்தான். 126 ஆட்டம், 16 கோலோடு 2022-ல் ஷாங்காய் திரும்பினார். அதோடு முடியவில்லை: 2024-ல், 32 வயதில், ஒரே பருவத்தில் 34 கோல். உங்கள் மகனுக்கு நேரமாகிவிட்டதா என்று இப்போது அவனையே கேளுங்கள்.

இனி வேலை ஆலோசகனாக ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஜியாங்சு அணி 2020 நவம்பரில் சூப்பர் லீக் சாம்பியன் ஆனது. மூன்றரை மாதத்தில், 2021 பிப்ரவரியில், கிளப்பையே நிறுத்திவிட்டார்கள். எட்டு முறை லீக் வென்ற குவாங்சோ அணி கடனைத் தீர்க்க முடியாமல் 2025 ஜனவரியில் கலைந்தது. சாம்பியன் அணியில் இருந்தவருக்கே அடுத்த மாதச் சம்பளம் உறுதியில்லை என்றால், எட்டாம் வகுப்போடு நிறுத்திய பையன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? பள்ளி அவன் ஆட்டத்துக்கு எதிரி இல்லை. பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல், பயிற்சியாளர் படிப்பு என்று எந்தப் பக்கம் போனாலும் பள்ளிப் படிப்பு வேண்டும். நாலு பேரோடு சரளமாகச் சீன மொழி பேசக் கற்றுக்கொண்டால், மைதானத்திலும் அது கைகொடுக்கும்.

மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: ஒரு வருடத்தில் இவன் எத்தனை ஆட்டத்தில் இறங்குவான்? அடிபட்டால் யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது? போன மூன்று வருடத்தில் இங்கிருந்து போன பையன்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று பதில் வராத இடத்தில் சேர்க்காதீர்கள். பள்ளி முடிந்து மாலைப் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம், இப்போதைக்கு இது போதும். 16 வயதில் மறுபடி பேசுவோம்.

அப்புறம், இந்த ஞாயிறு மைதானத்துக்கு நீங்களும் போங்கள். எத்தனை கோல் என்று எண்ண வேண்டாம். வு லெய் நெடிய உடம்புக்காரர் இல்லை. அவர் பலமே பந்து இன்னொருவர் காலில் இருக்கும்போது காலி இடம் பார்த்து ஓடுவதில் இருக்கிறது. உங்கள் மகன் பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறான், எங்கே ஓடுகிறான், ஓடியும் பந்து வராவிட்டால் மறுபடி ஓடுகிறானா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.