கரை உடையும் முன்னே யாரைக் கேட்பது?

ஊராட்சி ஒன்றியத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பருவமழை நெருங்குவதால், வெள்ளம் வந்தால் உள்ளாட்சியின் பொறுப்பு என்ன என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரை செல்லூரிலிருந்து: சார், வெள்ளம்னா எல்லாம் கலெக்டர் வேலைதானா? மாநகராட்சிக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-வது பிரிவு உள்ளாட்சிக்கென்றே எழுதப்பட்டது. பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கருவிகளும் பொருட்களும் எந்த நேரமும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. 2025-இல் வந்த திருத்தத்தின்படி, மாநகராட்சி உள்ள நகரங்களுக்கு ஆணையர் தலைமையில் தனிப் பேரிடர் மேலாண்மை ஆணையமே அமைக்கலாம். 2024 அக்டோபரில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி உங்கள் பகுதியில் தண்ணீர் புகுந்ததே, அதை மறக்காமல் கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள்: வாய்க்காலைத் தூர் வாரியாச்சா? வாரிய சகதி எங்கே? கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் திரும்ப உள்ளேதான் விழும்.

மேலூர் பக்கமிருந்து: அண்ணே, கண்மாய்க் கரையில் கசிவு இருக்கு. பஞ்சாயத்தில் "எங்களது இல்லை" என்கிறார்கள்.

ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், எவ்வளவு என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் ஐப்பசி ராத்திரி. நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்த ஒரு கண்மாயில் கரை கசிய ஆரம்பித்தது. ஓடிப்போய் ஸ்டோரைத் திறந்து சாக்குகளை எடுத்தோம். தூக்கிய கையிலேயே கிழிந்தன, எலி கடித்து மக்கிப்போயிருந்தன. இருப்புப் பதிவேட்டில் மட்டும் "நல்ல நிலை" என்று இருந்தது. ஊர்ச்சனம் வீட்டுக்கு வீடு யூரியாச் சாக்கைக் கொண்டுவந்து, டார்ச் வெளிச்சத்தில் மண் அள்ளிக் கொட்டித்தான் கரை நின்றது. அன்றைக்கு அவர்கள் வராவிட்டால் கீழே இருந்த வயல் மொத்தமும் போயிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அக்டோபர் 2 கிராம சபையை விடாதீர்கள். மழைக்கு முந்தைய கிராம சபை அதுதான். சாக்கு எத்தனை, கையில் எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ராத்திரி கூப்பிட்டால் யாருடைய ஜேசிபி வரும்? முகாமாகும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம்? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

சோழவந்தானிலிருந்து: வைகை அணையின் முதல், இரண்டாம், மூன்றாம் எச்சரிக்கை என்றால் என்ன?

அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடி ஆனால் முதல் எச்சரிக்கை, 68.5 ஆனால் இரண்டாவது, 69 தொட்டால் மூன்றாவது. அப்புறம் உபரி நீர் ஆற்றில் வரும். இரண்டாவதிலேயே மாட்டையும் மோட்டாரையும் மேடேற்றிவிடுங்கள். மதுரைக்கு வருகிறவர்கள் யானைக்கல் தரைப்பாலத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

ஆரப்பாளையத்திலிருந்து: அம்மா படுத்த படுக்கை. ஆற்றோரம் வீடு. முகாமுக்கு எப்படித் தூக்கிப் போவது?

தங்கச்சி, இன்றைக்கே வார்டு அலுவலகத்தில் அம்மாவின் பெயர், வீட்டு எண், உங்கள் போன் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஆற்றங்கரைக்கு ஆட்கள் மைக்கோடு வரும்போது, எந்த வீட்டில் தூக்க ஆள் வேண்டும் என்று அவர்களுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தெருவில் இரண்டு இளவட்டங்களிடமும் சொல்லி வையுங்கள். மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, கட்டில் கால்மாட்டில் கட்டிவிடுங்கள். தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் அறிவிப்பிலேயே அம்மாவைக் கிளப்புங்கள்.