சுற்றுலா வாகனத்தில் பழைய தொலைக்காட்சிகளும் டிஜிட்டல் கேபிளும்

வணக்கம். தெஹிவளையில் வாகனத்தை நிறுத்தி, வீட்டு டிஜிட்டல் கேபிளை உள்ளே இழுத்தும் அதிலுள்ள இரண்டு பழைய தொலைக்காட்சிகளிலும் படம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவற்றின் ட்யூனர், அதாவது அலைவரிசைகளைப் பிடிக்கும் பகுதி, பழைய முறையான அனலாக் அலைகளை மட்டுமே அறியும் என்பதால், கேபிளை நேரடியாகச் செருகி எத்தனை முறை தேடவிட்டாலும் எதுவும் அகப்படாது. அவற்றைப் பழுதென்று எண்ணித் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

இணைப்புத் தந்த நிறுவனத்தின் செட் டாப் பாக்ஸ் இடையில் இருந்தே ஆக வேண்டும். பாக்ஸிலும் தொலைக்காட்சியிலும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் ஏவி வயர் போதும். பாக்ஸில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கருவி தேவை. எதிர்த்திசையில் மாற்றுவதும் பார்வைக்கு அதே போல இருப்பதால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதை நன்றாக வாசித்துவிட்டு வாங்குங்கள். அன்ரனா துளை மட்டுமுள்ள தொலைக்காட்சிக்கு ஏவி வயரில் வருவதை அன்ரனா துளைக்கு ஏற்ற அலையாக மாற்றும் ஆர்எஃப் மொடியுலேட்டரும் வேண்டும்.

ஒரே பாக்ஸிலிருந்து பிரித்தால் இரண்டிலும் ஒரே அலைவரிசைதான் தெரியும். வேறுவேறாகப் பார்க்க இரண்டு பாக்ஸ்கள் தேவை.

பாக்ஸின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தாலும், அதை வாகன பற்றரியில் நேரே கொடுக்க வேண்டாம். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்டைத் தாண்டும் என்பதால், இடையில் மின்னழுத்தத்தை 12 வோல்டில் நிலையாக வைக்கும் சீராக்கி (voltage regulator) ஒன்றைப் பொருத்துங்கள்.